சங்கு நண்டுக்குப் போட்ட மணல்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். தூத்துக்குடியில் ஒரு சிப்பிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறார்களே சங்கும் சிப்பியும், அவை கடலிலிருந்து அப்படியே வருவதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

மூட்டையில் வரும்போது சங்குக்குள் சதை இருக்கும். அந்தச் சதை போனால்தான் சங்கு விலைக்கு ஆகும். கம்பெனிக்குப் பின்பக்கம் குழி வெட்டி, சங்குகளைக் கொட்டி, மேலே மணல் போட்டு மூடுவோம். சாயங்காலம் ஆனால் குழிமேல் தண்ணீர் தெளிப்போம். ஈரம் இருந்தால்தான் உள்ளே சீக்கிரம் அழுகும். காய விட்டால் சதை கருவாடு மாதிரி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அழுகி முடிந்தபின் தோண்டி எடுத்துக் கழுவிக் கொடுத்தால், ஆசிட்டில் முக்குவதும் பாலிஷ் போடுவதும் வேறு ஆட்கள். புதைப்பது, தண்ணீர் தெளிப்பது, தோண்டுவது, இந்த மூன்றும் என் வேலை.

இந்த வேலைக்கு வந்த கொஞ்ச காலத்தில் எனக்கு வாடை தெரியாமல் போய்விட்டது. மல்லிகைப் பூவை மூக்கில் வைத்தாலும் பேப்பரை வைத்தாலும் ஒன்றுதான். என் மனைவி இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள், அவளுக்கும் பாதி மூக்குதான். அப்படியானால் குழி ஆகிவிட்டதை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று கேட்பீர்கள். ஈயை வைத்துத்தான். உள்ளே அழுகுகிற வரைக்கும் மணல்மேல் ஈ மொய்க்கும். ஈ போய்விட்டால் குழி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு ஒரே மகள், ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையென்றால் மத்தியானச் சோற்றை அவள்தான் கம்பெனிக்குக் கொண்டு வருவாள். அப்படி வந்த ஒரு நாள், வேம்பார்ப் பக்கம் கரையில் பொறுக்கிய சங்கு மூட்டை அப்போதுதான் இறங்கியிருந்தது. நான் அவிழ்த்துக் கொட்டினேன். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"எப்பா, இது நடக்கு."

"சங்கு நண்டு அது. ஓடு காலியாக் கெடந்தா உள்ள போயி குடியிருந்துக்கிடும்."

"அப்ப இது சாகலயே?"

"சாகல."

"இதையும் சேத்தா புதைப்பிய?"

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மூட்டையில் பத்து நண்டு இருக்கும், இருபது இருக்கும், யார் பொறுக்கிக்கொண்டிருப்பது? கொட்டுவோம், மூடுவோம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவள் மூன்று நண்டை எடுத்துத் தூக்குச்சட்டி மூடியில் வைத்துவிட்டாள். மேசையிலிருந்து முதலாளி அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொண்டு போவட்டும்ல, விடு. மூணு நண்டுல நம்ம கம்பெனி முங்கிறாது."

மற்ற நண்டுகள் என்ன ஆயின என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. அவள் போன பிறகுதான் நான் மூடினேன்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குத் துறவி நண்டு என்று பெயர் போட்டிருக்கிறது. மகள் செல்போனில் ஏதோ ஒரு ஊர் அக்கா இங்கிலீஷில் பேசுகிற வீடியோவைப் பார்த்து, எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், கடல் தண்ணீர் ஒரு கிண்ணம் வேண்டும். நண்டைவிட மூன்று மடங்கு ஆழத்துக்கு மணல் வேண்டும். ஏறி இறங்க ஒரு கம்பு. மாற்றிக்கொள்ள வேறு சங்குகள். காற்று எப்போதும் ஈரமாக இருக்க மேலே மூடி. மீனுக்கு இருக்கிற மாதிரி இதற்கும் செவுள்தானாம், அது காய்ந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகுமாம்.

என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "துறவியாம்லா? ரெண்டு கிண்ணம் தண்ணி, மெத்த மாதிரி மணலு, மாத்திக்கிட மூணு வீடு. நமக்கு இருக்கதே ஒரு வாடக வீடு."

"நீயும் ஒரு சங்குக்குள்ள போயிரும்மா," என்றாள் மகள்.

"நான் போயிட்டா ஒனக்குச் சோறு யாரு பொங்குவா, ஒங்க அப்பாவா?"

இப்படிச் சொன்னவள்தான் மறுநாள் இறால் கம்பெனியிலிருந்து மீன் அடுக்குகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். கண்ணாடித் தொட்டி வாங்க வழியில்லை, இது போதும் என்றாள். அந்தப் பெட்டியின் அடியில் ஐஸ் தண்ணீர் ஒழுகுவதற்காக ஒரு ஓட்டை இருக்கும். ஈரம் கீழே போய்விடக் கூடாதே என்று நான் அதைப் பசை வைத்து நன்றாக அடைத்தேன். அதைச் செய்யும்போது, சரியாகச் செய்கிறோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது. மேலே மூட, பழைய மேசைக் கண்ணாடி கிடந்தது. மணல் கம்பெனியில் மலையாகக் கிடக்கிறது. ஆனால் அது குழி மணல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் மகளும் பைக்கில் முயல் தீவுப் பக்கம் போய்ச் சுத்தமான மணலாக ஒரு சாக்கு அள்ளினோம், ஒரு கேன் கடல் தண்ணீர் பிடித்தோம். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும் என்பதால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து அப்புறம்தான் கிண்ணத்தில் ஊற்றினோம்.

சங்கு விஷயத்தில் எனக்குப் பெருமை. யார் வீட்டில் இல்லாவிட்டாலும் நம் வீட்டில் சங்கு இல்லாமல் போகுமா? பாலிஷ் போட்டதில் நல்லதாக நாலைந்து கேட்டு வாங்கி வந்தேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. நண்டு வந்து ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்தது, உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தது, தன் பழைய அழுக்குச் சங்கோடு திரும்பிப் போய்விட்டது.

"ஆசிட்டுல போட்டது வேண்டாமாம்ப்பா. அந்த அக்கா சொல்லுதாங்க."

சரியென்று ஆசிட்டுக்குப் போகாத சங்கு கேட்டு முதலாளி அண்ணாச்சியிடம் போனேன். கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். "ஏலே, அடக்கம் பண்ணுத ஆளு நீ. எப்பம்ல பேறுகாலம் பாக்க ஆரம்பிச்ச?" ஆனாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை வீட்டில் அவித்துத்தான் போட வேண்டும். எந்தச் சட்டியில் அவிப்பது என்று ஒரு சண்டை நடந்தது, அதை எழுதவில்லை.

முதல் நண்டு அந்த வாரமே செத்தது. காலையில் பார்த்தால் சங்கைவிட்டு வெளியே வந்து மணல்மேல் கிடந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சங்குக்கு வெளியே அது நண்டு மாதிரியே இருக்காது. முன்பாதிதான் நண்டு, பின்பாதி ஒரு வளைந்த மெத்தென்ற சதை, ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லாமல். மூட்டைக்குள் எத்தனை நாள் காய்ந்து கிடந்ததோ. அந்த அலுப்பில் போயிருக்கும் என்று நான் சொன்னேன். இரண்டாவது நண்டு கொஞ்சம் தாக்குப்பிடித்தது. தேங்காய்ச் சில்லைக் கிள்ளித் தின்றது, கணவாய் மீனின் ஓட்டைச் சுரண்டியது, கம்பில் ஏறி அங்கேயே தூங்கியது. அதுவும் ஒரு நாள் கம்பிலிருந்து விழுந்து கிடந்தது. மகள் அதை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் வைத்தாள், கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது நண்டுதான் பெரியது. ஒரு நாள் சாயங்காலம் அது மணலைப் பறித்துக்கொண்டே உள்ளே போனது. மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் மகள் சந்தோஷத்தில் இருந்தாள்.

"இது தோல் உரிக்கப் போயிருக்குப்பா. வளரணும்னா பழைய தோலக் கழத்திட்டுப் புதுத் தோலு போடணும். அதுக்குத்தான் மண்ணுக்குள்ள போவுமாம். மாசக்கணக்காக் கூட ஆகுமாம். தோண்டவே கூடாதாம். தோண்டுனா அந்தப் புதுத் தோலு கிழிஞ்சி செத்துருமாம்."

"அப்ப உயிரோட இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"வாடை வந்தா செத்துட்டு. வரலைன்னா இருக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு நம்ம வீட்டு வாடையே பழகிட்டு. நீங்கதான் மோந்து பாக்கணும். ஒங்க வேல அதுதான?"

எனக்கு வாடை தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் குழியைப் பார்த்து இது ஆகிவிட்டது, இது ஆகவில்லை என்று நான் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். மூக்கு இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினாள். நான் குனிந்து பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடிமேல் ஈ இல்லை.

"இருக்கு," என்றேன்.

பிள்ளைகளே, என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். சங்கோடு மணலுக்குள் போனது எதுவும் உயிரோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மணலுக்குள் போனால் அழுகும், ஓடு மிஞ்சும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. வளருவதற்காக ஒன்று தானே மணலுக்குள் போகும் என்பதை மகள் சொல்லிக் கேட்டும் என் மனதுக்கு ஒட்டவில்லை. ஆனாலும் தினமும் காலையில் எழுந்ததும் அந்தக் கண்ணாடியைத்தான் முதலில் பார்ப்பேன். ஈ இல்லையென்றால் அன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக வேலைக்குப் போவேன்.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். எங்கள் ஊரில் கச்சான் அடித்தால் துவைத்துப் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும், உதடு வெடிக்கும். வாசலைக் கூட்டி முடிப்பதற்குள் மறுபடி புழுதி வந்துவிடும். பெட்டிக்குள் மேல்மணல் வெளுத்துப்போனது. காய்ந்தால் செவுள் அடைத்துவிடும் என்று மகளுக்குப் பயம். குழிக்குத் தண்ணீர் தெளிக்க நான் வைத்திருக்கிற ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் மக்கு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெளிப்பாள். மேலே கறுக்கும்வரை ஒரு மக்கு, அப்புறம் அடிவரைக்கும் போகட்டும் என்று இன்னொரு மக்கு.

"இது போதுமாப்பா?"

நான் மணலைத் தொட்டுப் பார்ப்பேன். குழி மணல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கும். "நல்லா இருக்கு," என்பேன்.

ஒரு வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, கண்ணாடி ஓரத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கையை வீசினேன். போய்விட்டு அதே இடத்துக்கு வந்தது. கிண்ணத்துப் பக்கத்தில் பழைய தேங்காய்ச் சில்லு கிடந்தது. அதற்குத்தான் வந்திருக்கிறது என்று எடுத்துத் தூரப் போட்டேன். இரண்டு கிண்ணத்தையும் கழுவினேன், கம்பைக்கூட எடுத்துத் துடைத்தேன். மறுநாள் மூன்று ஈ. மகள் எழுந்து வருவதற்குள் துணியால் விரட்டிவிட்டு நின்றேன். அவள் வந்து, "எப்பா?" என்று மட்டும் கேட்டாள். என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். ஈ விஷயம் அவளுக்குத் தெரியாதா என்ன, கம்பெனிக்குச் சோறு கொண்டுவருகிற பிள்ளை.

"தேங்காய்க்கு வந்துது," என்றேன். அவள் பெட்டிக்குள் தேங்காயைத் தேடிப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலமும் தண்ணீர் தெளித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அக்கா, எனக்கு மைனி, நாசரேத்திலிருந்து வந்தார்கள். அங்கே பள்ளிக்கூட டீச்சர். எங்கள் வீட்டுக்கு வந்தால் எப்போதும் முதல் காரியமாக ஜன்னலைத் திறப்பார்கள், அதை நாங்கள் யாரும் தப்பாக எடுப்பதில்லை. அன்றைக்கு ஜன்னல் வரைக்கும்கூடப் போகவில்லை. வாசற்படியிலேயே முந்தானையை மூக்கில் வைத்துவிட்டார்கள்.

"ஏளா, என்னத்தைளா வீட்டுக்குள்ள வச்சிருக்கிய? எலி கிலி செத்துக் கெடக்கா?"

"ஒண்ணும் இல்லையேக்கா," என்றாள் என் மனைவி.

"ஒனக்கும் ஒம் மாப்பிளைக்கும் எப்பதான் தெரிஞ்சிருக்கு?" மைனி முகத்தைத் திருப்பித் திருப்பி வாடை வருகிற திசையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பெட்டிக்கிட்டே போய் நின்றார்கள். "இங்கனதான். இந்தப் பெட்டிதான்."

மகள் ஓடிவந்து பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். "அது தோல் உரிக்கி பெரியம்மா. தொறக்காதீங்க."

"என்ன உரிக்கோ என்னமோ. நாத்தம் கொடலப் பெரட்டுது மக்கா."

"வாடை வந்தா செத்துட்டுன்னு நீதான சொன்ன," என்றாள் என் மனைவி, மெதுவாக.

"பெரியம்மாவுக்கு நம்ம வீடே நாறும்," என்றாள் மகள். மைனிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் திட்டவில்லை. முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தோண்டினால், உயிர் இருந்தாலும் போகும். தோண்டாவிட்டால், செத்ததை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இப்படியே தண்ணீர் தெளிப்பது. கண்ணாடிமேல் ஈ அன்றைக்கு எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. மகள் என்னிடம், "நீங்க சொல்லுங்கப்பா," என்றாள். நான் கண்ணாடியை எடுத்தேன்.

மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் கையாலேயே மணலைப் பறித்தேன். சங்கு உடையாமல் எடுக்கக் கை பழகியிருக்கிறது. மேல்மணல் நன்றாக இருந்தது, ஒரு சாண் கீழே போனதும் விரல் சொதசொதவென்று இறங்கியது. கையை வெளியே எடுத்தால் கறுப்பு. அதை நான் தினமும் பார்க்கிறேன். அது கம்பெனிக் குழியின் அடிமண். தெளித்த தண்ணீரெல்லாம் வெளியே போக வழியில்லாமல் அடியில் தேங்கி, மணல் ஊறி, கெட்டுப்போயிருந்தது. ஓட்டையைத்தான் நான் அடைத்திருந்தேனே.

நண்டு அந்தக் கறுப்புக்குச் சற்று மேலே இருந்தது. தனக்கென்று சின்னதாக ஒரு அறை மாதிரி மணலை ஒதுக்கிவைத்திருந்தது, அதற்குள்ளும் தண்ணீர் ஏறியிருந்தது. முதலில் கைக்கு வந்தது நண்டு என்றுதான் நினைத்தேன். காலும் கொடுக்குமாக அப்படியே முழுதாக இருந்தது, ஆனால் கனமே இல்லை, ஊதினால் பறந்துவிடும். பழைய தோல். அதற்குப் பக்கத்தில் சங்கு, சங்கிலிருந்து பாதி வெளியே நண்டு. வெளிறின ரோஸ் நிறம். தொட்டால் நகம் வெட்டின விரல் நுனி மாதிரி மெத்தென்று இருந்தது. அசையவில்லை.

மகள் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"கால் புதுசுப்பா," என்றாள். "எல்லாக் காலும் புதுசாப் போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப அது உயிரோடதான் இருந்துருக்கு. நான் சொன்னேன்லா?"

"சொன்ன."

"எப்பச் செத்துருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. முதல் ஈ வந்த அன்றைக்கு உயிரோடு இருந்ததோ என்னவோ. கெட்ட மணலுக்கும் ஈ வரும். அன்றைக்கே தோண்டியிருந்தால் தோண்டினதால் செத்திருக்கும். மைனி மகளின் தலையைத் தடவினார்கள்.

சாயங்காலம் மைனி பஸ் ஏறின பிறகு மகள் அந்த வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். எனக்கும் தமிழில் சொன்னாள். மணலைக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அவ்வளவு ஈரம் போதும், அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. "இத மொதல்லயே வீடியோல கேட்டேன்," என்றாள். "ஆனா நீங்க கம்பெனிக் குழியில அப்படித்தான ஊத்துவிய. ஒங்களப் பாத்துத்தான்ப்பா ஊத்துனேன்."

அதில் குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைச் சோறு மகள் கொண்டுவருவதில்லை. காலையில் நானே எடுத்துப் போய்விடுகிறேன். மூட்டை வந்தால் உடனே குழியில் கொட்டாமல் நிழலில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போகிறேன். வந்து பார்த்தால் சங்கு நண்டுகள் தனியாக நடந்து சுவரோரம் ஒதுங்கியிருக்கும். பொறுக்கி ஈரச் சாக்குப் போட்ட வாளியில் வைக்கிறேன். அண்ணாச்சி பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். வேலை முடிந்து கரைக்குக் கொண்டுபோவதற்குள் பாதிக்குமேல் அசைவில்லாமல் ஆகிவிடுகின்றன. மிச்சத்தை மணலில் விட்டால் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் காக்கைகள் என் பைக்கை அடையாளம் கண்டு வைத்திருக்கின்றன. நான் வாளியைக் கவிழ்க்கும் முன்னே வந்து உட்காருகின்றன. விரட்டுகிறேன். எவ்வளவு நேரம் நின்று விரட்ட முடியும்? சுவரோரம் ஒதுங்காமல் சங்குக்குள்ளேயே சுருண்டு இருப்பவை குழிக்குத்தான் போகின்றன, அதற்கு என்னிடம் வழி இல்லை. முன்பெல்லாம் மணல் போடும்போது ஒன்றும் காதில் விழாது. இப்போது சங்கோடு சங்கு உரசுகிற சின்னச் சத்தம் கேட்கிறது.

பெட்டியைக் கழுவி மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கிறோம். கறுத்த மணலை என்ன செய்வது என்று தெரியாமல் கம்பெனிக் குழியிலேயே கொட்டினேன். போன வாரம் படிக்குக் கீழே எதையோ தேடினபோது பார்த்தேன், பெட்டியின் அடியில் நான் வைத்த பசையை யாரோ ஆணியால் சுரண்டி எடுத்து ஓட்டையைத் திறந்துவிட்டிருந்தார்கள். மகளிடம் கேட்டேன்.

"சும்மாதான்," என்றாள்.

நான் இதுவரை வேறு நண்டு எதுவும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அவளும் கேட்கவில்லை.